மூழ்கும் முன்னே வரும் தாகம்

(விருதுநகரில் வணிகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய பொது அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடற்கரையே இல்லாத மாவட்டம் நம்முடையது. கிழக்கே ராமநாதபுரம், தெற்கே தூத்துக்குடி, மேற்கே மலை. இந்த ஊரில் நின்றுகொண்டு தீவுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டாசுக்கு ஆர்டர் வருமா, கண்மாய்க்குத் தண்ணீர் வருமா என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கோ பசிபிக் கடலில் கிடக்கும் துவாலு என்ற தீவு நாட்டைப் பற்றி நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

என் முதல் பதில், நம்முடைய வைப்பாறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் புறப்பட்டு, சாத்தூரைக் கடந்து, சிவகாசிப் பக்கத்து அர்ச்சுனா நதியையும் சேர்த்துக்கொண்டு, அது மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் தெருக்களில் பெய்கிற மழை, நம் சாக்கடையையும் பிளாஸ்டிக்கையும் வாரிக்கொண்டு போய்ச் சேருமிடம் அந்தக் கடல். ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை அந்தக் கடலில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. இன்று அவற்றில் இரண்டு நீருக்கு மேல் இல்லை. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன. ஆகவே தீவு மூழ்குவது என்பது நமக்கு உலகச் செய்தி அல்ல. பக்கத்து மாவட்டத்துச் செய்தி.

இன்று நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். சிறிய தீவு நாடுகளுக்கு உதவுவது என்றால், எல்லோரும் சுவர் கட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். உதவி தண்ணீரில் தொடங்க வேண்டும். அது கடனாகப் போகாமல், கடமையாகப் போக வேண்டும். இந்த இரண்டையும் உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் தகுதி கரிசல் காட்டு மக்களாகிய நமக்கு இருக்கிறது.

ஊற்றுக்குழி சொல்லும் பாடம்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அந்த மணல்திட்டை விட்டு முழுமையாகப் போகவில்லை. இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, குடிப்பதற்கு அவர்களுக்கு என்ன வழி?

அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அலை சத்தம் காதில் விழும் தூரத்திலேயே மணலில் கையால் ஒரு குழி தோண்டுகிறார்கள். முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பளவு. அடியில் மெல்லத் தண்ணீர் சுரக்கிறது. ஒரு பெண் குழிக்கரையில் குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார். நாலு சிரட்டை அள்ளியதும் கையை நிறுத்திக் காத்திருக்கிறார். மறுபடி ஊறி வந்த பிறகுதான் அள்ளுகிறார். அவசரப்பட்டு வழித்து எடுத்தால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அறிந்து வைத்திருப்பதுதான் தீவு நீரியலின் முதல் பாடம்.

நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் கனமானது. அதனால் தீவின் மணலுக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் உள்ளே இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது இறங்கி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. கேட்பதற்கு ஏராளம் போலத் தோன்றும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் அடியில் நாற்பதடி உப்பு ஏறிவிடும். மோட்டார் வைத்து இறைக்கும் ஒரு கிணறு போதும், மொத்த ஊரின் நீரையும் கெடுக்க.

பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் உள்ள பவளத் தீவுகளின் உயிர் இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கிணறுகளும் இதே வகைதான். அங்கே துலா வைத்து இறைத்த காலத்தில் இருந்த நிதானம் பம்புசெட் வந்தபின் போனது, கிணறுகள் உவர்த்தன. அதை அனுபவித்த உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு.

மழை பெய்தும் தாகம்

நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. துவாலுவின் தலைநகர்த் தீவான ஃபுனாஃபுட்டியில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நம்மைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மழை பெய்யும் அந்த நாடு, 2011 செப்டம்பர் இறுதியில் தண்ணீர்ப் பஞ்சத்தால் அவசரநிலையை அறிவித்தது. சில மாதங்கள் மழை தவறியதுதான் காரணம். வெளிநாடுகளிலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் ஏற்றிவந்து அந்த மக்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? அங்கே ஆறு இல்லை, குளம் இல்லை, மலை இல்லை. பெய்கிற மழையைப் பிடித்து வைக்க வீட்டுக் கூரையும் தொட்டியும்தான் உண்டு. தொட்டி காலியானால் அடுத்த மழை வரை வேறு வழி கிடையாது. நிலத்தடி நீரைப் பெரும்பாலும் நம்ப முடியாது.

இதற்கு மேல் கடல் ஏறுகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. 20 சென்டிமீட்டர் என்ன பெரிது என்று நினைக்க வேண்டாம். மாலத்தீவில் பெரும்பாலான நிலம் கடலிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. முன்பு கரையோடு நின்ற பேரலை இப்போது ஊருக்குள் ஏறி, தீவின் குறுக்கே ஓடி மறுபக்கம் வடிகிறது. தண்ணீர் வடிந்துவிடும், உப்பு மண்ணுக்குள் தங்கிவிடும். கிணறு கெடும், சேப்பங்கிழங்குக் குழி கெடும், தென்னை காயும். நல்ல மழைக்காலம் வந்து மண்ணைக் கழுவி எடுப்பதற்குள் அடுத்த அலை ஏறிவிட்டால், அந்தத் தீவில் மனிதர் இருக்க முடியாது. 2018-ல் மார்ஷல் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது: பல பவளத் தீவுகள் நிரந்தரமாக மூழ்குவதற்கு வெகு முன்பே, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, குடிநீர் கெட்டு வாழத் தகுதியற்றுப் போகக்கூடும்.

ஆகவே தீவு எந்த வருடம் மூழ்கும் என்று தேதி குறித்துக்கொண்டிருப்பது வீண். எந்த வருடம் அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்மாய் வறண்டால் நிலம் இருந்த இடத்திலேதான் இருக்கும், ஊர் மட்டும் காலியாகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நாம்.

நாம் செய்த உதவிகள்

2014 டிசம்பர் 4-ஆம் தேதி, மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் நின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த நகரம் ஒரே நாளில் குழாயில் தண்ணீரற்றுப் போனது. மாலத்தீவு இந்தியாவைக் கேட்டது. மறுநாளே விமானப்படையின் சரக்கு விமானங்கள் குடிநீர்ப் பாட்டில்களோடு அரக்கோணம் வழியாக மாலேயில் இறங்கின. கடற்படைக் கப்பல்களும் போயின. 'ஆபரேஷன் நீர்' என்று அதற்குப் பெயர். எனக்கு அது பெருமையான நினைவு. ஆனால் பாட்டில் தண்ணீர் சில நாள் தாகத்தைத்தான் தீர்க்கும். ஒரு நகரமே ஒரே நிலையத்தை நம்பி இருக்கும் ஆபத்து அதனால் தீராது.

நிலையான உதவிக்கு நம் கையிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. அதில் வடிகட்டும் சவ்வு இல்லை, ரசாயனம் இல்லை. கடலின் மேற்பரப்புத் தண்ணீர் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்தில் அதே கடல் பாதி வெப்பத்துக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது. மேல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் அது கொதிக்கவைக்காமலேயே ஆவியாகிறது. அடியிலிருந்து குழாயில் எடுத்த குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்தால் குடிநீர் கிடைக்கிறது. மினிக்காய், அகத்தி என்று அடுத்தடுத்த தீவுகளுக்கும் இந்த முறை போனது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு நிறுவனம், இந்தியப் பொறியாளர்கள், நம் கடல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கும் எந்தப் பவளத் தீவுக்கும் இது பொருந்தக்கூடியது.

இதில் ஒரு குறையும் உண்டு. அந்தப் பம்புகள் ஓடத் தீவுகளில் டீசல் ஜெனரேட்டர் வேண்டும். டீசல் கப்பல் வராவிட்டால் தண்ணீரும் வராது. அதற்காகவே கடலின் அதே வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரமும் எடுக்கும் முயற்சி கவரத்தியில் நடக்கிறது. சூரிய மின்சாரமும் துணை வரலாம். தீவுக்கு எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும், அதன் எரிபொருளும் உதிரிபாகமும் மெக்கானிக்கும் அந்தத் தீவிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் திறப்புவிழாப் பலகை மட்டும் மிஞ்சும். சிறு தொழிற்சாலை நடத்தும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பேரிங் போனதற்கு ஒரு வாரம் உற்பத்தி நின்ற அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

2024 ஆகஸ்டில், மாலத்தீவின் 28 தீவுகளில் குடிநீர், கழிவுநீர்க் கட்டமைப்புகளை இந்தியா முறைப்படி ஒப்படைத்தது. செலவு சுமார் 11 கோடி டாலர். நல்ல பணி, அதுவும் சரியான இடத்தில், தண்ணீரில் தொடங்கிய பணி. ஆனால் அந்தப் பணம் இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடன். இந்தக் கடன் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சுவரும் பவளமும்

சுவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மாலத்தீவு அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. சபையில் நின்று, தன் நாட்டின் இருப்பே ஆபத்தில் இருப்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். சிறிய தீவு நாடுகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. 1990-ல் அவற்றின் கூட்டணி உருவானது. மாலேயைச் சுற்றி ஜப்பான் தன் மானியத்தில் கடற்சுவர் கட்டிக் கொடுத்தது. 2004 சுனாமியின்போது அந்தச் சுவர் மாலேயைப் பேரழிவிலிருந்து காத்தது.

ஆனால் மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் 180-க்கும் மேல். எத்தனை தீவைச் சுற்றிச் சுவர் கட்ட முடியும்? கல்லுக்கும் மணலுக்கும் எங்கே போவது? தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காலங்காலமாக மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் கொண்டுபோகின்றன. 2024-25-ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு 10 லட்சம் டன் ஆற்று மணலும் 10 லட்சம் டன் ஜல்லியும் அனுப்ப மத்திய அரசு அனுமதி தந்தது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஆறுகளைச் சுரண்டி எடுத்த மணலை வைத்து இன்னொரு நாட்டைக் காப்பாற்ற முடியாது. அது எத்தனை வருடத்துக்குத் தாங்கும்?

பவளத் தீவுக்கு இயற்கை கட்டிய சுவர் பவளப்பாறை. அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் அதுதான் தணிக்கிறது. தீவின் மணலையும் அதுவே உண்டாக்கித் தருகிறது. அதை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவே சாட்சி. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். 1986-ல் தேசியக் கடல் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தன. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் உயர் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வெட்டியது வெட்டியதுதான். கேடயம் போனபின் இரண்டு தீவுகள் போயின. கடல் சூடானதால் 1998, 2010, 2016, 2024 என்று பவளம் திரும்பத் திரும்ப வெளுத்தது.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு, 16 ஹெக்டேராக இருந்தது, ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கி மறையும் நிலைக்கு வந்தது. 2015 இறுதியிலிருந்து, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழக அரசோடு சேர்ந்து, துளைகள் விட்ட சிமெண்ட் கட்டமைப்புகளைப் பத்தாயிரத்துக்கும் மேல் அதைச் சுற்றிக் கடலடியில் இறக்கின. மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குக் கிடைத்த சுமார் 25 கோடி ரூபாய் இதற்கு உதவியது. அலை தணிந்தது, மணல் தங்கியது, அந்தக் கட்டமைப்புகளின் மேல் பவளம் ஒட்டியது, மீன் குடிபுகுந்தது. தீவு சுருங்குவது நின்றது.

இப்போது காரைச்சல்லித் தீவின் முறை. 1969-ல் சுமார் 21 ஹெக்டேராக இருந்தது 2018-ல் 6 ஹெக்டேருக்கு வந்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் 2036-க்குள் மறைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலக வங்கி உதவியோடு சுமார் 50 கோடி ரூபாயில் அதை மீட்கும் பணியைத் தமிழக அரசு கையில் எடுத்திருக்கிறது. ஆளில்லாத ஒரு தீவுக்கு இவ்வளவு செலவா என்று கேட்காதீர்கள். அந்தத் தீவுகள் அலையைத் தடுப்பதால்தான் தருவைகுளமும் சிப்பிகுளமும் பட்டினமருதூரும் நிற்கின்றன. அங்கே நாம் கற்பதுதான் நாளைக்கு மாலத்தீவுக்கும் துவாலுவுக்கும் நாம் கொடுக்கக்கூடிய சீர்.

கடனா, மகமையா?

பணத்துக்கு வருகிறேன். சிறிய தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் கரியமில வாயு, உலகக் கணக்கில் ஒரு சதவீதம்கூட இல்லை. சூடேற்றியவர் வேறு, சுடுபடுபவர் வேறு. அப்படியிருக்க, அவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டக் கடன் வாங்கி வட்டியும் கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த புயலில் தொட்டி உடையும், வட்டி மட்டும் உடையாது.

இந்த ஊருக்கு வேறொரு நியாயம் தெரியும். மகமை. விருதுநகர், சிவகாசி வியாபாரிகள் தாங்கள் விற்கும் ஒவ்வொரு மூடைக்கும் இவ்வளவு என்று எடுத்துப் பொது நிதியில் போட்டார்கள். அதிகம் வியாபாரம் செய்தவர் அதிகம் போட்டார். யாருடைய இரக்கத்துக்கும் அதில் இடமில்லை, யார் முன்னும் யாரும் கை நீட்டவில்லை. மூடை நகர்ந்தால் மகமை சேரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சத்திரிய வித்யாசாலை அந்தப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும்தான் நடந்தது. காமராசர் படித்த பள்ளி அது. அங்கே படித்த பையன்தான் பின்னாளில் தமிழ்நாட்டுக்கே பள்ளிக்கூடம் திறந்தார். மகமை எப்படிப்பட்ட விதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே நியாயத்தைத்தான் பசிபிக் தீவுகள் இன்று உலகத்திடம் கேட்கின்றன. உலக வாணிபத்தில் எடை அளவில் பத்தில் எட்டுப் பங்கு கப்பலில் போகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 3 சதவீதம் கப்பல்களுடையது. கப்பல் வெளியிடும் ஒவ்வொரு டன் புகைக்கும் ஒரு தீர்வை வையுங்கள், அதில் ஒரு பங்கைத் தீவுகள் தங்களைக் காத்துக்கொள்ளக் கொடுங்கள் என்று அவர்கள் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் வாதாடினார்கள். 2025 ஏப்ரலில் ஓரளவு இறங்கிய ஒரு வரைவு ஏற்கப்பட்டது. அது போதாது என்று பசிபிக் தீவுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த வரைவையும் முறைப்படி நிறைவேற்றாமல் அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். மூடைக் கணக்கில் பொதுநிதி சேர்ப்பது நடக்கக்கூடியதா என்று அந்த அமைப்பு கூடும் லண்டனில் கேட்கிறார்கள். நடக்கும் என்று சொல்ல நம் ஊர்க் கணக்குப்பிள்ளை போதும்.

இன்னொரு நிதி 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஏற்கப்பட்டது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி. அடுத்த ஆண்டு துபாயில் அது செயல்பாட்டுக்கு வந்தபோது, உலகத்தின் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து அறிவித்தது சுமார் 70 கோடி டாலர். ஒரு பெரிய புயல் ஒரே இரவில் செய்யும் சேதத்துக்குப் போதாத தொகை அது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் பசிபிக்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர், காலநிலை விஷயத்தில் நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டா என்று உலக நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு என்ற சின்ன நாடு அதைத் தன் கோரிக்கையாக எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-ஆம் தேதி ஹேக் நகரில் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் இழப்பீட்டுக்கும் இடமுண்டு. ஒரு வகுப்பறையில் எழுந்த கேள்வி ஆறே ஆண்டில் உலக நீதிமன்றத்தின் வாய்மொழியாக வந்தது.

இருக்கும் உரிமை, போகும் உரிமை

எல்லா உதவிக்குப் பிறகும் சிலர் தீவை விட்டுப் போகத்தான் நேரும். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் செய்த ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்கு அந்த நாட்டில் பெருந்திரளானோர் பெயர் கொடுத்தார்கள். அதே துவாலு, பசுமைக் காலநிலை நிதியத்தின் துணையோடு ஃபுனாஃபுட்டியில் சுமார் 7 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து உயர்த்தி எடுத்தும் இருக்கிறது. நிலமே மறைந்தாலும் நாடு நாடாகவே தொடரும் என்று 2023-ல் தன் அரசியலமைப்பிலும் எழுதி வைத்திருக்கிறது. போக விரும்புவோர் மரியாதையோடு போகவும், இருக்க விரும்புவோர் தண்ணீரோடு இருக்கவும் வழி செய்வதே உதவி. எதை எடுப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை இந்த மண்ணில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன் பிழைப்பைப் பற்றித் தூரத்தில் யாரோ முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பது சிவகாசிக்குத் தெரியும். மழை பொய்த்த பூமியில் பிழைக்க வழி தேடி, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். வறட்சியையே, காய்ந்த வெயிலையே மூலதனமாக்கி ஓர் ஊர் எழுந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபோது, காற்றின் நலனுக்கு அது தேவை என்பது ஒரு பக்கம் உண்மை. பல லட்சம் பேரின் வேலை ஆடிப்போனது மறுபக்கத்து உண்மை. மாற வேண்டியது மாறத்தான் வேண்டும். ஆனால் மாற்றத்தின் சுமை முழுவதையும் மருந்து கிட்டிக்கும் பெண்ணின் தலையில் ஏற்றக் கூடாது என்று நாம் கேட்கிறோம் அல்லவா? தீவு மக்கள் கேட்பதும் அதுவே. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

கடைசியாக, இந்த அவையிடம் சில கோரிக்கைகள்.

முதலாவது, வைப்பாறு. நம் நகராட்சிக் கழிவும் பிளாஸ்டிக்கும் அர்ச்சுனா நதியில் விழாமல் தடுக்க வேண்டும். உலகத் தீவுகளைக் காப்பாற்றக் கிளம்புமுன், நாம் நாள்தோறும் கெடுத்துக்கொண்டிருக்கும் காரைச்சல்லிக்கு இதுவே நம் முதல் உதவி.

இரண்டாவது, கல்லூரிகளுக்கு. தூத்துக்குடி இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நம் பொறியியல் மாணவர்கள் செயற்கைப் பவளக் கட்டமைப்பையும் சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறு குடிநீர் நிலையத்தையும் இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கலாம். 2003-ல் தமிழ்நாடு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அந்த அனுபவத்தில் வென்றது எது, தோற்றது எது என்று எழுதி வைத்தால், கூரைத் தண்ணீரை நம்பி வாழும் தீவுகளுக்கு அது கைநூலாகும். மாலத்தீவு மாணவர்களையும் மெக்கானிக்குகளையும் இங்கே அழைத்துப் பயிற்சி கொடுக்கலாம். கொடுக்கும்போது அவர்களிடம் கற்கவும் செய்யலாம்.

மூன்றாவது, வணிகர்களுக்கு. கப்பல் தீர்வை வந்தால் நம் சரக்கு வாடகையும் கொஞ்சம் ஏறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏறட்டும். மூடைக்கு மகமை கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய பரம்பரை, அந்தத் தீர்வையை எதிர்த்து மனு போடும் சங்கமாக இருக்கக் கூடாது. ஆதரித்துத் தீர்மானம் போடும் முதல் வணிகச் சங்கமாக இருக்க வேண்டும். கூடவே, தீவுகளின் குடிநீர்த் திட்டங்களுக்கு இந்தியா கொடுக்கும் பணம் கடனாக அல்லாமல் மானியமாகப் போகட்டும் என்று டெல்லிக்கு எழுத வேண்டும். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் தீவு நாடுகளின் கட்டமைப்புக்காக இந்தியா முன்னின்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் குடிநீருக்கு முதலிடம் கேட்க வேண்டும்.

ஒரு பிடி அரிசியில் தொடங்கிய பள்ளி ஒரு மாநிலத்தின் எழுத்தறிவை மாற்றியதைக் கண்ட ஊர் இது. இங்கிருந்து போகிற ஒரு தீர்மானம் உலகத்தை ஒரே நாளில் மாற்றாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நியாயமான கணக்கு எது என்பதை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அது நம் பேரேட்டில் நூறு ஆண்டுக்கும் மேலாக எழுதிக் கிடக்கிறது. எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. அந்தத் தீர்மானத்தை அடுத்த மாதச் சங்கக் கூட்டத்திலேயே முன்மொழியுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.